முழுக் கட்டணம், முதல் பட்டதாரி, மாதம் 1,000: உங்கள் மகளுக்கு எது வரும், எது வராது

பள்ளிபாளையம் பக்கம் தறிக்குப் போகும் ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், கட் ஆஃப் 168, இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதியப் போகிறார்கள். பத்தாவது வரை ஊர் அரசுப் பள்ளி, பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் தனியார் பள்ளி. எம்பிசி வகுப்பு. வீட்டில் இதுவரை யாரும் கல்லூரி வாசல் மிதித்ததில்லை. பையன் ஒருவன் ஒன்பதாவது, அரசுப் பள்ளியில். "அரசாங்கமே முழுக் கட்டணமும் கட்டிவிடும் என்கிறார் ஒருத்தர். மாதம் 1,000 ரூபாய் வரும் என்கிறார் இன்னொருத்தர். அதெல்லாம் எஸ்சி பிள்ளைகளுக்குத்தான் என்கிறார் எங்கள் பட்டறை முதலாளி. பிரவுசிங் சென்டரில் எல்லாவற்றுக்கும் சேர்த்து அப்ளை பண்ணித் தர 1,500 கேட்கிறார்கள். எதற்கு எங்கே போக வேண்டும்?" இதுதான் அவர் கேள்வி.

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த மேஜைக்கு எதிரில் வந்து நின்ற அப்பாக்கள் எல்லோரும் இதே மாதிரிதான் மூன்று பேர் சொன்ன மூன்று சேதியோடு வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் உங்களிடம் சொன்ன முதல் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பிள்ளைக்குக் கிடைத்ததைச் சொல்லியிருக்கிறார்கள். உதவித்தொகை என்று ஒரே திட்டம் கிடையாது. ஒன்று வருவாய்த்துறை கொடுக்கும் சான்றிதழை நம்பி நிற்கிறது, ஒன்று பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையில் இருக்கிறது, ஒன்று சமூகநலத்துறையில், ஒன்று டெல்லியில். ஆகவே "எல்லாவற்றுக்கும் சேர்த்து" அப்ளை பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் ஒன்றுக்கு 60 ரூபாய். மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. மாநில உதவித்தொகை பெரும்பாலும் கல்லூரி மூலமாகப் போகிறது, நீங்கள் வெளியே அப்ளை பண்ணவே வேண்டாம். 1,500 எதற்கு?

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். முழுக் கட்டணமும் அரசு கட்டும் என்று அவர் சொன்னது 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளில் 2021-லும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாமே அரசுதான். மாதம் 1,000 என்பது புதுமைப் பெண். முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டத்தைத்தான் 2022 செப்டம்பரில் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான மாதப் பணமாக மாற்றினார்கள். அதற்கும் நிபந்தனை ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. 2024 டிசம்பர் கடைசியில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். உங்கள் மகள் கடைசி இரண்டு வருஷம் சுயநிதித் தனியார் பள்ளி. இரண்டும் கிடையாது.

பிளஸ் ஒன்னுக்குக் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்ப்பது நம் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைத்தான் அப்படிச் சேர்க்கிறார்கள். அதாவது 7.5-இல் நிச்சயம் இடம் பிடிக்கக்கூடிய பிள்ளையை. உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை, உங்களுக்கு ஒன்பதாவதில் ஒரு பையன் இருக்கிறான் என்பதற்காகச் சொல்கிறேன். அவன் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது மகளுக்குக் கிடைக்கக்கூடியது. முதலாவதும் முக்கியமானதும் முதல் பட்டதாரி சலுகை. 2010-11-இல் வந்தது. குடும்பத்தில் பட்டம் வாங்கிய ஆள் யாருமே இல்லையென்றால், கவுன்சலிங் மூலம் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணத்தில் கழிவு. சாதி பார்ப்பதில்லை, வருமானமும் பார்ப்பதில்லை. தனியார் பொறியியல் கல்லூரிகளில் கவுன்சலிங் இடத்துக்கு 2017-இல் நிர்ணயித்த கட்டணம் வருஷத்துக்கு 50,000, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. இதில் 25,000 முதல் பட்டதாரிக்குக் கழிகிறது. நான்கு வருஷத்துக்கு ஒரு லட்சம். இந்தப் பணம் உங்கள் கையில் வராது. அரசு கல்லூரிக்குக் கொடுத்துவிடும், உங்கள் ரசீதில் அந்த அளவு குறையும்.

இதில் இரண்டு இடத்தில் ஆள் விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கல்லூரி நிர்வாகமே நேராக நிரப்பிக்கொள்ளும் இடம். "கவுன்சலிங் வரைக்கும் ஏன் காத்திருக்கிறீர்கள், இப்போதே சீட் போட்டுவிடலாம், முதல் பட்டதாரி சலுகையும் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று மே மாதமே வீட்டுக்கு ஆள் வருவார்கள். கவுன்சலிங் இடத்துக்கு மட்டும்தான் சலுகை. மேனேஜ்மென்டில் சேர்ந்த பிறகு யார் வந்து நின்றாலும் கிடைக்காது. அப்படி ஏமாந்த ஒரு அம்மா என் மேஜை முன்னால் வந்து, "சான்றிதழ்தான் இருக்கே சார்" என்று பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டினார். சான்றிதழ் அசல்தான். சீட்தான் தப்பு.

இரண்டாவது, குடும்பம் என்றால் யார் யார் என்பதில் குழப்பம். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி. அவ்வளவுதான். ஒரே ரேஷன் கார்டில் பெயர் இருக்கும் சித்தப்பா பி.காம். படித்தவர் என்பதால் சிலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். சித்தப்பா கணக்கில் வரமாட்டார். அண்ணன் பாலிடெக்னிக் முடித்திருந்தால் அது டிப்ளமோ, பட்டம் ஆகாது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் சலுகை, அதை மறக்காதீர்கள்.

சான்றிதழை இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். வருவாய்த்துறைச் சேவைகளில் சாதிச் சான்று 101, இருப்பிடச் சான்று 102, வருமானச் சான்று 103, முதல் பட்டதாரி 104. கணினிக்காரர் தடுமாறினால் அந்த எண்ணைச் சொன்னால் போதும், திரையில் எடுத்துவிடுவார். முதலில் மகளுக்கு கேன் எண் என்று ஒரு பதிவு எண் போடுவார்கள். அதில் பெயரும் பிறந்த தேதியும் எப்படி ஏறுகிறதோ அப்படியே நான்கு சான்றிதழிலும் வரும், அதனால் அவர் தட்டும்போது பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். பிறகு விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், மண்டலத் துணை வட்டாட்சியர் என்று மேலே போகும். குடும்பத்தில் பள்ளிக்குப் போனவர்களின் மாற்றுச் சான்றிதழ் கேட்பார்கள். நீங்கள் எட்டாவதில் நின்றிருந்தால் அந்த டிசி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடுங்கள். தொலைந்திருந்தால் படித்த பள்ளியிலேயே போய் நகல் கேளுங்கள். பள்ளிக்கே போகாத பெரியவர்களுக்கு உறுதிமொழி எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம்.

விஏஓவை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். ஆன்லைனில் போட்டுவிட்டோம், தானாக வரும் என்று வீட்டில் இருப்பவர்களுடைய விண்ணப்பம்தான் "விவரம் போதவில்லை" என்று திரும்பி வருகிறது. மே, ஜூனில் தாலுகா முழுக்க இதே விண்ணப்பம்தான் குவியும். ரிசல்ட் வந்த பிறகு ஓடுவதைவிட பிப்ரவரியிலேயே வாங்கி வைப்பது உத்தமம், சட்டப்படி அதற்குத் தடையும் இல்லை. சரி, இந்த வருஷம் அது கடந்துவிட்டது. கவுன்சலிங் பதிவு மூடுவதற்குள் சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும், கூடவே பெற்றோரும் மாணவியும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவமும் உண்டு. சான்றிதழை ஏற்றிவிட்டு உறுதிமொழியை மறந்தவர்கள் நிறைய.

சேர்க்கையின்போது சில கல்லூரிகள் "அரசிடமிருந்து பணம் வரட்டும், வந்ததும் திருப்பித் தருகிறோம், இப்போது முழுசாகக் கட்டுங்கள்" என்பார்கள். நான் வேலை பார்த்த இடத்திலேயே ஒரு வருஷம் அப்படி வசூலித்தார்கள், என் கையாலேயே ரசீதும் போட்டிருக்கிறேன், அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஒதுக்கீட்டு ஆணையில் முதல் பட்டதாரி என்று அச்சாகியிருந்தால் அந்த 25,000-ஐக் கழித்துத்தான் வாங்க வேண்டும். ஆணையை எடுத்து மேஜைமேல் வையுங்கள். சத்தம் போடத் தேவையில்லை, எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டாலே பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

உங்கள் வகுப்பை வைத்துக் கிடைப்பது அடுத்தது. பட்டறை முதலாளி சொன்னது தப்பு. பிசி, எம்பிசி, சீர்மரபினருக்கும் உதவித்தொகை உண்டு. அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்று வருஷ பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். மாதிரிப் படிப்பு என்றால் வருமான நிபந்தனையே இல்லை. தொழிற்படிப்பு, பாலிடெக்னிக், முதுகலை என்றால் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2,50,000-க்குள் இருக்க வேண்டும். கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி முதலில் வேண்டும் என்று விருப்பப் பட்டியல் போடும்போது ஈரோடு, சேலம், பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிகளை மேலே போடுங்கள் என்று சொல்வேன். அங்கே கட்டணமே குறைவு. அதிலும் முதல் பட்டதாரிக் கழிவு போனால் மிஞ்சுவது சொற்பம். பேருந்துக்கு மட்டும் வருஷம் இருபதாயிரத்துக்கு மேல் வாங்கும் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பதா, பர்கூரில் மெக்கானிக்கல் படிப்பதா என்பது உங்கள் வீட்டு முடிவு. என்னைக் கேட்டால் பர்கூர். என் பிள்ளை கேட்கவில்லை, அது வேறு கதை.

வெளியூரில் சேர்ந்தால் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்லூரி விடுதிகளையும் விசாரியுங்கள். 2025 ஜூலையிலிருந்து எல்லாத் துறை விடுதிகளுக்கும் சமூகநீதி விடுதி என்று பெயர். சாப்பாடு, தங்கல் இலவசம். ஆண் பிள்ளைகளுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டராவது இருக்க வேண்டும், பெண்களுக்கு அந்தத் தூரக் கணக்கு கிடையாது. எல்லா விடுதியும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். போய் ஒரு வேளை சாப்பாட்டு நேரத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதைப் படிக்கும் எஸ்சி, எஸ்டி குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது, வருமான வரம்பு 2,50,000. கட்டணம் தவிர பராமரிப்புப் படியும் உண்டு. எஸ்சி பிள்ளைகள் பொறியியல், மருத்துவம் போன்ற முதல் பிரிவுப் படிப்பில் விடுதியில் இருந்தால் ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து போனால் 7,000. எஸ்சி உதவித்தொகையில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்று பங்கு. சில வருஷங்களாக மத்தியப் பங்கு, கல்லூரிக் கட்டணமும் சேர்த்து, மாணவர் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. அது கல்லூரிக்குப் போக வேண்டிய பணம். நகை மீட்டுவிட்டு அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று தொட்டவர்கள் கடைசி செமஸ்டரில் சர்டிபிகேட் வாங்க முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். இங்கேயும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது.

மத்திய அரசில் உங்கள் மகளுக்குப் பொருந்துவது இரண்டு. ஒன்று, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ கொடுக்கும் பிரகதி உதவித்தொகை. பெண் பிள்ளைகளுக்கு மட்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஏஐசிடிஇ அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முதலாம் ஆண்டு. கிடைத்தால் ஆண்டுக்கு 50,000. நாடு முழுக்கப் பட்டப்படிப்புக்கு 5,000 இடம், டிப்ளமோவுக்கு 5,000 இடம் என்று அளவு வைத்து, மார்க் வரிசையில் எடுப்பார்கள். போட்டி கடுமை. ஆனாலும் முதலாம் ஆண்டில் போடாவிட்டால் அந்த வாசல் அப்புறம் திறக்காது, பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் ஆண்டு சேருகிறவர்களுக்கு மட்டும் அப்போது ஒரு வாய்ப்பு.

இன்னொன்று கல்லூரி மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகை. பிளஸ் டூவில் தன் பாடப்பிரிவில் தேறியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள். முதல் மூன்று வருஷம் 12,000 வீதம், தொழிற்படிப்பு என்றால் நான்காம் வருஷம் 20,000. கூட்டினால் 56,000. ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குபவர்களுக்கு இது இல்லை என்று விதி. 56,000-க்கு ஆசைப்பட்டு முதல் பட்டதாரியில் கழியும் ஒரு லட்சத்தை விடாதீர்கள். இரண்டையும் வாங்கிவிட்டு யாருக்கும் தெரியாது என்று இருக்கவும் வேண்டாம், ஆதார் எண்ணை வைத்து ஒருநாள் தெரிந்துவிடும். பிரகதிக்கும் கூடவே இன்னொரு உதவித்தொகை வாங்கக்கூடாது. எதை எதோடு சேர்க்கலாம் என்பதைக் கல்லூரியில் உதவித்தொகை வேலைக்குப் பொறுப்பான நோடல் அலுவலரிடம் கேட்டு, சேர்க்கக்கூடாது என்றால் பெரிய தொகையை வைத்துக்கொண்டு சின்னதை விடுங்கள்.

இந்த இரண்டுக்கும் விண்ணப்பம் தேசிய உதவித்தொகைத் தளத்தில், நாம் என்எஸ்பி என்று சொல்வது. முதலில் ஒருமுறைப் பதிவு என்று ஓடிஆர் எண் வாங்க வேண்டும். அதற்கு ஆதார், செல்பேசி, கேமராவில் முகச் சரிபார்ப்பு. விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிந்ததாக நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. கல்லூரி சரிபார்க்க வேண்டும், அப்புறம் மேலே இன்னொரு சரிபார்ப்பு. கல்லூரியில் அந்த லாகின் ஒரே ஒருவர் கையில்தான் இருக்கும். அவர் தேர்வு வேலையிலோ பிரசவ விடுப்பிலோ இருந்தால் கடைசித் தேதி தாண்டிவிடும். போட்ட மறுநாளே அச்செடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நில்லுங்கள். "டிஃபெக்டிவ்" என்று காட்டினால் பயப்பட வேண்டாம், ஏதோ ஒரு காகிதத்தைத் திருத்திக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குள்ள நாட்களுக்குள் திருத்திப் போட்டுவிட வேண்டும். வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டும். மத்திய உதவித்தொகைக்கு 50 சதவீத மார்க், 75 சதவீத வருகை.

மாநிலத் திட்டங்களுக்கு யுமிஸ் என்ற தளம். பள்ளியில் எமிஸ் எண் இருந்தது போல, கல்லூரியில் சேர்ந்ததும் யுமிஸ் எண் போடுவார்கள். அதில் மகளின் விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று முதல் மாதத்திலேயே கேளுங்கள்.

இனி, மேலே சொன்ன எல்லாத் திட்டத்தையும்விட அதிகம் பேரை வீழ்த்துகிற இரண்டு விஷயம். தகுதி இல்லாமல் உதவித்தொகை போனவர்களைவிட இந்த இரண்டால் போனவர்கள்தான் என் நோட்டில் அதிகம்.

ஒன்று, இனிஷியல். நமக்கு மட்டுமே உள்ள தலைவலி இது. மார்க் ஷீட்டில் கவிதா மு என்று இருக்கும். ஆதாரில் கவிதா முருகேசன். வங்கியில் மு கவிதா, அதுவும் ஆங்கிலத்தில் எம் என்று ஒரு இடத்தில், எம்யு என்று இன்னொரு இடத்தில். நமக்கு எல்லாம் ஒரே பிள்ளை. கணினிக்கு மூன்று பேர். என்எஸ்பியில் பெயர் ஆதாரோடு பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். மார்க் ஷீட்டை மாற்றுவது பெரும்பாடு, ஆதாரை மாற்றுவது சுலபம். ஆகவே மார்க் ஷீட்டில் உள்ளபடி ஆதாரைத் திருத்துங்கள், பிறகு அதைக் காட்டி வங்கிக் கணக்கைத் திருத்துங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். கணக்குக்கு ஒரு தேதி என்று ஜூன் மாதத்தில் ஏதோ ஒன்றைப் பள்ளியில் எழுதிவைத்த பெற்றோர் பலர், ஆதாரில் வேறு தேதி இருக்கும்.

இரண்டாவது, எந்தக் கணக்குக்குப் பணம் வரும் என்பது. விண்ணப்பத்தில் நீங்கள் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், ஆதார் வழியாக அனுப்பும் பணம் ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி சீடிங் ஆகியிருக்கிறதோ, அதாவது பணம் வாங்க இணைக்கப்பட்டிருக்கிறதோ, அங்கேதான் போகும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருக்கிறோமே என்பீர்கள். அது கேஒய்சி, வாடிக்கையாளர் யார் என்று வங்கி சரிபார்ப்பது. சீடிங் வேறு. அதற்குத் தனியாக ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தால்தான் வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் பட்டியலில் அந்த வங்கி ஏறும். ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான்.

ஒரு பெண் இரண்டு வருஷமாகப் பணமே வரவில்லை என்று வந்து அழுதாள். தளத்தில் பார்த்தால் இரண்டு தவணையும் அனுப்பியாயிற்று என்று காட்டுகிறது. கல்லூரி வளாக வங்கியின் பாஸ் புத்தகத்தில் ஒன்றுமில்லை. தோண்டிப் பார்த்தால், ஆறாவது படிக்கும்போது பள்ளி உதவித்தொகைக்காக ஊர் வங்கியில் அம்மாவோடு சேர்ந்து திறந்த கணக்கு ஒன்று இருந்தது. அந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள், ஆதார் மறக்கவில்லை. பணம் முழுவதும் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தது, ஆனால் கணக்கு செயலற்றுப் போய், எடுப்பதற்கு அம்மாவும் மகளும் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டியிருந்தது. உங்கள் மகளின் ஆதார் எண்ணைக் கொண்டு ஆதார் தளத்தில் நுழைந்து, வங்கி சீடிங் நிலை என்று இருப்பதைத் தட்டிப் பாருங்கள். எந்த வங்கி, செயலில் இருக்கிறதா என்று அதுவே சொல்லும். வங்கி தூரம் என்றால் தபால்காரரைக் கேளுங்கள். அஞ்சலக வங்கிக் கணக்கை விரல் ரேகைக் கருவியோடு வீட்டு வாசலிலேயே திறந்து, சீடிங்கும் செய்து தருகிறார்கள். எங்கள் கல்லூரிக்கு ஒரு தபால்காரரை வரவழைத்து ஒரே மதியத்தில் நிறையப் பிள்ளைகளின் சிக்கலைத் தீர்த்தோம், அதற்கு ஒரு டீயும் வடையும்தான் செலவு.

வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும், அதனால் அதை மட்டும் சேர்க்கைக்குக் கொஞ்சம் முன்னால் புதிதாக வாங்குங்கள். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானத்தில் உங்கள் கூலியோடு மனைவி நூல் சுற்றும் கூலியும் சேரும். கூச்சப்பட்டுக் குறைக்கவும் வேண்டாம், கௌரவத்துக்காகக் கூட்டவும் வேண்டாம். ஒரு அப்பா சம்பந்தி வீட்டார் பார்த்துவிடுவார்கள் என்று 3 லட்சம் எழுதச் சொல்லி, உதவித்தொகையை இழந்தார்.

இவ்வளவும் கிடைத்தாலும் ஒன்றை மனதில் வையுங்கள். கணக்குக்கு வரும் உதவித்தொகை எதுவும் கட்டணம் கட்டும் நாளில் வராது. ஆகஸ்டில் சேர்க்கை என்றால் பணம் வர அடுத்த வருஷம்கூட ஆகும். தனியார் கல்லூரியில் 55,000-இல் 25,000 போனால் மீதி 30,000, அதோடு பேருந்து, தேர்வு, புத்தகம். முதல் வருஷத்துக்கு இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். கந்துவட்டிக்கோ குழுக் கடனுக்கோ போகாதீர்கள். கல்விக்கடன் கேளுங்கள். வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம், உங்கள் கைப்பங்கும் வேண்டாம், பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். வித்யாலட்சுமி தளத்தில் பதியுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் மேனேஜர் வாய்ச்சொல்லாகவே இல்லை என்பார், தளத்தில் பதிந்த விண்ணப்பத்துக்குப் பதில் எழுத வேண்டும்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், நாக் அல்லது என்பிஏ என்ற தர மதிப்பீட்டு அமைப்புகளின் அங்கீகாரம் உள்ள இடத்தில் தொழிற்படிப்பு படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் வட்டி முழுவதையும் மத்திய அரசே கட்டும். இந்த வட்டி மானியத்தை வங்கிதான் கேட்டு வாங்க வேண்டும், கேட்காத வங்கிகள் உண்டு. கடன் கொடுக்கும் அன்றைக்கே வருமானச் சான்றைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். 2024 நவம்பரில் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். உங்கள் மகள் சேரும் கல்லூரி அதில் இருந்தால் நல்லது. இழுத்தடித்தால் மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரிடம் மனு கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் கல்விக்கடன் முகாம் நடத்துவதும் உண்டு.

இப்போது பையன். முதல் பட்டதாரி சலுகையை அக்கா எடுத்துவிட்டால் அவனுக்கு அது கிடையாது. பரவாயில்லை. அவனைப் பிளஸ் டூ முடியும்வரை அரசுப் பள்ளியிலேயே விடுங்கள். 7.5-இல் இடம் பிடித்தால் அவனுக்குக் கட்டணமே இல்லை, முதல் பட்டதாரிச் சான்றுக்குத் தேவையும் இல்லை. கூடவே 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 அவன் கணக்குக்கு வரும், அதற்கு வருமான வரம்பும் கிடையாது. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தான் என்று சொல்லி யாராவது பாதிக் கட்டணத்தில் தனியார் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறோம் என்று வந்தால், அந்தப் பாதிக் கட்டணத்தின் உண்மையான விலை எவ்வளவு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் அவன் பத்தாவது. பொதுத்தேர்வுக்கு முன்னால் எமிஸிலிருந்து நாமினல் ரோல் என்ற தேர்வு எழுதுவோர் பட்டியலை எடுத்து, பெயர், இனிஷியல், பிறந்த தேதி சரியா என்று பெற்றோரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். மார்க் ஷீட்டில் அதுதான் அச்சாகும், அச்சான பிறகு மாற்றுவது பெரும்பாடு என்று சொன்னேன் அல்லவா. பெரும்பாலோர் பையனிடமே கொடுத்தனுப்பி, அவனே அப்பா கையெழுத்தைப் போட்டுவிடுகிறான். அன்றைக்கு ஒருநாள் தறிக்கு லீவு சொல்லிவிட்டு, அவன் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு நீங்களே போய் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.